விளம்பரத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு, வீ யு கன்சோலைப் பற்றி



கல்லூரிகளில் வணிகமும் விளம்பரமும் பயின்று, நாளை ஏதேனும் ஒரு ஸ்தாபனத்தில் புதிய பொருள்களை ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பை ஏற்கப்போகிற உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். பொருள் நன்றாயிருந்தால் அது தானே விலைபோய்விடும் என்று கருதுகிறவர்களும், பொருள் எப்படியிருந்தாலும் ஆரவாரத்தினால் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று கருதுகிறவர்களும் உங்களிடையே இருக்கக்கூடும். இரு சாராரும் ஒரு யந்திரத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனியார் 2006-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட வீ என்னும் வீடியோ கேம் கன்சோல், உலகெங்கும் 10 கோடியே 16 லட்சம் விற்பனையாயிற்று. அதே கம்பெனி, அதே தலைவரின் கீழ், அதே கைதேர்ந்த கலைஞர்களைக் கொண்டு, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியிட்ட வீ யு என்னும் கன்சோலோ, தன் ஆயுட்காலம் முழுவதிலும் 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுபோயிற்று. முன்னதன் விற்பனையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுள் முதன்மையானது, அந்த யந்திரம் இன்னதென்று அதை வாங்க வேண்டியவர்களுக்கு உரிய காலத்தில் யாரும் விளங்கும்படி சொல்லவில்லை என்பதே என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவனல்ல. இந்த விளையாட்டுக்களை நேசிப்பவன்; ஒரு நல்ல விளையாட்டை உருவாக்குவதற்குப் பலர் கூடி ஆண்டுக்கணக்கில் எத்தனை சிரத்தையோடு உழைக்கிறார்கள் என்பதை ஓரளவு அறிந்தவன். அந்த உழைப்பு, தன் தகுதிக் குறைவினால் அல்லாமல், எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சரியாகச் சொல்லாத காரணத்தினால் ஜனங்களைச் சென்றடையாமல் போகும்போது உண்டாகும் வருத்தமே என்னை இதை எழுதத் தூண்டியது.

முதலில் அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை அறிந்தால்தான் எது வீணாயிற்று என்பது தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் ஒரு சிறிய கன்சோல், அதனோடு, 6.2 அங்குல டச் ஸ்கிரீன் ஒன்றைத் தன் நடுவிலே பதித்துக்கொண்ட கேம்பேட் என்னும் பெரிய கன்ட்ரோலர். விளையாட்டை நடத்துகிற கணக்கு வேலை முழுவதும் கன்சோலிலே நடக்க, அங்கிருந்து படம் கம்பியில்லாமல் கேம்பேடின் திரைக்கு வந்துசேரும். வீட்டிலுள்ள ஒரே தொலைக்காட்சியில் தகப்பனார் செய்தி கேட்க விரும்பினால், பையன் தன் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை; கையிலுள்ள திரையிலேயே தொடர்ந்து ஆடலாம். இது சிறிய வசதி. இதைவிடப் பெரியது, ஒரே விளையாட்டில் ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமல் வைக்கும் சாத்தியம். கன்சோலோடு ஒரே சமயத்தில் வெளிவந்த நின்டெண்டோ லேண்ட் என்னும் தொகுப்பில் பேய் மாளிகை ஆட்டம் ஒன்று உண்டு. கேம்பேடை வைத்திருப்பவர் பேய். அவர் தம் திரையில் மாளிகை முழுவதையும் காண்பார். மற்ற நால்வரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி கைவிளக்கோடு அவரைத் தேடுவார்கள். அவர்கள் திரையில் பேய் தென்படாது. அது அருகே வரும்போது கையிலுள்ள கன்ட்ரோலர் அதிர்வதை மட்டும் உணர்வார்கள். ஒரே அறையில், ஒரே சோபாவில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒளிந்து விளையாடுகிற இந்த அனுபவத்தை அதற்கு முன் எந்தக் கன்சோலும் இவ்வளவு எளிதாக ஒரு குடும்பத்துக்கு அளித்ததில்லை.

இத்தகைய யந்திரத்தை உலகுக்கு எவ்வாறு அறிமுகப்படுத்தினார்கள்? 2011-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஆண்டுதோறும் நடைபெற்றுவந்த இ3 கண்காட்சியில், உலகத்துப் பத்திரிகையாளர்களும் வியாபாரிகளும் கூடியிருந்த சபையிலே நின்டெண்டோ அதைப் பிரகடனம் செய்தது. மேடையிலே உயர்த்திப் பிடித்துக் காட்டப்பட்டது கேம்பேட். திரையிலே ஓடிய படத்தில் ஒவ்வொரு காட்சியிலும் நடுநாயகமாக விளங்கியதும் கேம்பேடே. அதை இயக்குகிற கன்சோல், தொலைக்காட்சியின் அருகே, பார்த்தவர் கண்ணில் பட்டும் படாமலும் வைக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருந்த பழைய வீ-யின் கன்ட்ரோலர்களே அக்காட்சிகளிலும் மற்றவர்கள் கைகளில் இருந்தன. வீடியோ கேம்களைப் பற்றி எழுதுவதையே ஜீவனமாகக் கொண்ட பத்திரிகையாளர்களில் பலர், சபையை விட்டு வெளியே வரும்போது, இது ஒரு புதிய கன்சோலா, அல்லது பழைய வீ-யோடு பொருத்திக்கொள்ளும் துணைக் கருவியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நிலைமையில் இருந்தார்கள். கம்பெனியின் பங்கு விலையும் அப்போது சரிந்தது.

கம்பெனியின் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா நேர்மையான மனிதர். மென்பொருள் எழுதுகிற பணியிலிருந்து தலைமைப் பதவிக்கு உயர்ந்தவர். கன்சோலின் படம் ஒன்றை முதலில் காட்டிவிட்டு அதன் பிறகே கன்ட்ரோலரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற கருத்தை அவரே சில நாட்களுக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பேட்டியில் வெளியிட்டார். இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். குழப்பம் உண்டாகிவிட்டது என்பதை 2011 ஜூன் மாதத்திலேயே தலைமை உணர்ந்துவிட்டது. கன்சோல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததோ 2012 நவம்பர் 18-ஆம் தேதி. நடுவிலே பதினேழு மாத அவகாசம் இருந்தது. ஒரு பெயரை மாற்றுவதற்கும், ஒரு பெட்டியின் வர்ணத்தையும் எழுத்தையும் மாற்றுவதற்கும், விளம்பரத்தின் முதல் வாக்கியத்தைத் திருத்துவதற்கும் அந்த அவகாசம் தாராளமாகப் போதும். பெயர் மாறவில்லை. வெளியீட்டு நாளன்று கடைக்கு வந்த இரு வகைகளில் விலை குறைந்தது பழைய வீ-யைப் போலவே வெள்ளை நிறத்தில் இருந்தது. சபையிலே பிறந்த குழப்பம், அப்படியே பத்திரமாகப் பொதியப்பட்டுக் கடைக்கு அனுப்பப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அவர்கள் ஏன் பெயரை மாற்றவில்லை என்பதை நாம் அனுதாபத்தோடு யோசித்துப் பார்க்கலாம். பத்துக் கோடி வீடுகளில் நிலைபெற்றுவிட்ட ஒரு பெயரை எந்த வியாபாரிதான் எளிதில் கைவிடுவான்? அந்தக் கீர்த்தியை மூலதனமாகக் கருதி, அதன்மேல் புதிய கட்டடத்தை எழுப்பலாம் என்று அவர்கள் எண்ணியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கீர்த்தி யாரிடத்தில் இருந்தது என்பதை அவர்கள் ஆராய்ந்திருக்க வேண்டும். வீ-யின் மகத்தான வெற்றிக்குக் காரணம், அதுவரை வீடியோ கேம் பக்கமே திரும்பிப் பாராத ஜனங்கள் அதை வாங்கியது. அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் பாட்டன் பாட்டிமார் கையை வீசி அதில் பௌலிங் ஆடினார்கள்; உடற்பயிற்சி செய்ய விரும்பிய தாய்மார்கள் அதை வாங்கினார்கள். இவர்கள் இ3 கண்காட்சி என்று ஒன்று நடப்பதையே அறியாதவர்கள்; ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை கன்சோல்களுக்குப் புதிய தலைமுறை பிறக்கும் என்ற சம்பிரதாயமும் அவர்களுக்குப் பரிச்சயமில்லை. வீட்டிலுள்ள வீ நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்காக என்பதே அவர்களுடைய நியாயமான கேள்வி.

அதுமட்டுமல்ல. அந்த ஐந்தாண்டுக் காலமும் நின்டெண்டோ அவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்திருந்தது. வீ-க்கு ஏறி நிற்கும் பலகை ஒன்று வந்தது. கார் ஓட்டும் சக்கரம் ஒன்று வந்தது. துப்பாக்கி போலப் பிடித்துக்கொள்ளும் ஸாப்பர் வந்தது. கன்ட்ரோலரின் அடியில் செருகும் மோஷன்பிளஸ் வந்தது. ஒவ்வொன்றும் வெள்ளை நிறம். ஒவ்வொன்றின் பெட்டியிலும் வீ என்ற பெயர். ஒவ்வொன்றும் வீட்டிலுள்ள கன்சோலோடு சேர்த்து உபயோகிக்க வேண்டிய துணைக் கருவி. இத்தனைக்கும் பிறகு, அதே பெயரின் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, கையில் பிடிக்கும் திரை ஒன்றைப் படத்தில் போட்டு விளம்பரம் செய்தால், நல்ல அறிவுள்ள எந்தத் தாயும் அதை வீ-க்கு வந்திருக்கும் மற்றொரு துணைக் கருவி என்றுதான் எண்ணுவாள். அவளுடைய அனுமானத்தில் பிழையே இல்லை; கம்பெனி ஐந்தாண்டுகளாகக் கற்பித்த பாடத்தின்படியே அவள் யோசித்தாள்.

2012-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்துக் கடை ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள். அலமாரியில் பழைய வீ இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. கனடாவிலோ, டிசம்பர் மாதத்தில், வீ மினி என்று சிவப்பும் கருப்புமாக மலிவான மூன்றாவது ஒன்றையும் அதே கம்பெனி கொண்டுவந்து அருகே வைத்துவிட்டது. வீ யு-விலேயே 300 டாலருக்கு ஒன்று, 350 டாலருக்கு ஒன்று என்று இரண்டு வகை. ஐபேட் வெளிவந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தமையால், திரையுள்ள எந்தக் கருவியையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஜனங்களுக்கு வந்திருந்தது. கேம்பேடை வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாது என்று கேட்டவுடன் அவர்கள் முகம் சுருங்கியது இயல்பே. அவர்களுக்காகக் காத்திருந்த முக்கிய விளையாட்டின் பெயர் நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யு. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய கன்சோலுக்கு வந்த விளையாட்டின் பெயர் நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ. பேரனுக்குப் பரிசு வாங்க வந்த ஒரு பெரியவர் இந்த அலமாரியின் முன் நின்று எதை எடுப்பார்? பேய் மாளிகையில் ஐந்து பேர் கூடிச் சிரிக்கும் அந்த ஆனந்தத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல அந்தப் பெட்டியிலே எந்த வழியும் இல்லை.

சோப்பு, தேயிலை போன்ற பொருளாக இருந்தால், முதல் ஆண்டு விளம்பரம் பழுதானாலும் மறு ஆண்டு திருத்திக்கொள்ளலாம். சரக்கு அதே சரக்காகவே இருக்கும். கன்சோலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கன்சோலின் பயன் அதற்காக வெளிவரும் விளையாட்டுக்களில் இருக்கிறது. அவ்விளையாட்டுக்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிக்கிறவர்கள் வெளியாராகிய வேறு கம்பெனிகள். ஒரு பெரிய விளையாட்டைத் தயாரிக்கப் பல ஆண்டுகளும் பெரும் பொருட்செலவும் ஆகின்றமையால், அக்கம்பெனிகள் எந்தக் கன்சோல் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதைப் பார்த்தே தங்கள் பணத்தை இடுகின்றன. முதல் கிறிஸ்துமஸில் ஜனங்கள் குழம்பி வாங்காமல் போனால், தயாரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் தயங்கினால் அடுத்த ஆண்டு விளையாட்டுக்கள் குறைகின்றன. விளையாட்டுக்கள் குறைந்தால், அதற்குள் விஷயத்தை விளங்கிக்கொண்டவர்கூட வாங்குவதற்குக் காரணமில்லாமல் போகிறது. கடைக்காரரும் அலமாரியில் அதற்குரிய இடத்தைச் சுருக்கிவிடுகிறார். தொடக்கத்தில் வெறும் தவறான புரிதலாக இருந்தது, ஓராண்டுக்குள் உண்மையான குறைபாடாகவே மாறிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை அழகாக விளம்பரம் செய்தாலும் சொல்வதற்கு விஷயம் இராது.

வீ யு-வுக்கு நேர்ந்ததும் இதுவே. 2011-இல் அதே இ3 மேடையில் ஏறி நின்று ஆதரவு தெரிவித்தவர்களில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியின் தலைவரும் ஒருவர். கன்சோல் வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குள் அதற்காக எந்த விளையாட்டும் தயாரிப்பில் இல்லை என்ற நிலைக்கு அந்தக் கம்பெனி வந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்து யுபிசாப்ட் கம்பெனி, வீ யு-வுக்கு மட்டுமே என்று சொல்லி ரேமன் லெஜண்ட்ஸ் என்னும் மிக அழகிய விளையாட்டை 2013 பிப்ரவரியில் வெளியிட இருந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், மற்றக் கன்சோல்களுக்கும் சேர்த்து வெளியிடும் பொருட்டு அதைச் செப்டம்பருக்கு ஒத்திவைத்துவிட்டது. முன்கூட்டியே நம்பிக் கன்சோலை வாங்கியவர்களுக்கு அது எத்தனை ஏமாற்றமாக இருந்திருக்கும்! 2013 ஏப்ரலில் இவாட்டா தம் முதலீட்டாளர்களிடம், வீ யு என்பது வீ-யோடு ஒரு டேப்லட்டைச் சேர்த்தது மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள் என்பதையும், ஜனங்களுக்கு விளங்கவைக்கப் போதிய முயற்சி செய்யாததற்குத் தாம் பொறுப்பு என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். பழைய வீ வைத்திருந்தவர்களுக்கு, வீ யு முற்றிலும் புதிய கன்சோல் என்று விளக்கி, அந்தப் பழைய கன்சோலின் மூலமாகவே கம்பெனி செய்தி அனுப்பியது. கன்சோல் வெளிவந்து பல மாதங்களுக்குப் பிறகு, இது புதியது என்று கடிதம் எழுத வேண்டிய நிலைமை! 2014 மார்ச்சில் முடியும் ஆண்டில் 90 லட்சம் விற்கும் என்று போட்டிருந்த மதிப்பீட்டை, 2014 ஜனவரியில் 28 லட்சமாகக் குறைத்தார்கள். இவாட்டா தம் சம்பளத்தில் பாதியை ஐந்து மாத காலத்துக்கு விட்டுக்கொடுத்தார். மரியோவைப் படைத்த ஷிகெரு மியமோட்டோவும் தம் சம்பளத்தில் 30 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார்.

"கன்சோலே பலவீனமானது, விளம்பரத்தைக் குறை கூறுவது எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2013 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றின் சக்தி வீ யு-வுக்குக் கிடையாது. கேம்பேட் காரணமாக விலையும் கூடிற்று. உயர்தரப் படங்களுக்குரிய விளையாட்டுக்களைத் தயாரிக்க நின்டெண்டோவுக்கே எதிர்பார்த்ததைவிட அதிக காலம் பிடித்தமையால், 2013-இன் முற்பகுதி பெரும்பாலும் வறட்சியாகவே கழிந்தது. ஆயினும், வீ-யும் தன் காலத்துப் போட்டிக் கன்சோல்களைவிடச் சக்தி குறைந்ததுதான், அது விற்றது. மேலும் ஓர் அத்தாட்சி இருக்கிறது. இந்த விவாதத்தில் இதைவிட வலுவானதை நான் கண்டதில்லை. 2014 மே மாதத்தில் வீ யு-வுக்காக மரியோ கார்ட் 8 என்னும் பந்தய விளையாட்டு வெளிவந்து, சுமார் 84 லட்சம் பிரதிகள் விற்றது. அதே விளையாட்டை, சில சேர்க்கைகளோடு, 2017 ஏப்ரலில் ஸ்விட்ச் என்னும் அடுத்த கன்சோலுக்கு மறுபடியும் வெளியிட்டார்கள்; அது 6 கோடிக்கு மேல் விற்றது. வெளிவந்தபோது பந்தயப் பாதைகளிலோ கலைத்திறத்திலோ பெரிய வேறுபாடு இல்லை. மூன்று ஆண்டுப் பழைய அதே விளையாட்டு, ஜனங்களுக்கு விளங்கிய கன்சோலில் வந்தபோது ஏழு மடங்குக்கு மேல் மனிதர்களைச் சென்றடைந்தது. ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கும் செல்லலாம் என்ற குணம் இதற்குப் பெரிதும் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குணத்தை ஒரே பார்வையில் விளங்கும்படி காட்டினார்கள் என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அது எப்படி என்று சொல்கிறேன். 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வெளியிட்ட மூன்றரை நிமிஷப் படம் அது. அதில் யாரும் பேசி விளக்கம் சொல்வதில்லை. ஒருவர் வீட்டிலே தொலைக்காட்சியில் விளையாடிக்கொண்டிருக்கிறார். எழுந்து, கன்சோலை அதன் தாங்கியிலிருந்து உருவுகிறார். விளையாட்டு அவர் கையிலுள்ள திரைக்கு வந்துவிடுகிறது. வெளியே சென்று தொடர்ந்து ஆடுகிறார். கன்சோல் எது, அது என்ன செய்யும், நம்மிடம் இருப்பதிலிருந்து அது எப்படி வேறுபட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு நிமிஷத்துக்குள் விடை கிடைத்துவிடுகிறது. பெயரும் பழைய பெயரோடு ஒட்டு உறவு இல்லாதது. ஐந்தாண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் குழப்பியவர்களும் இவர்களே என்பதை நினைத்தால், அன்று குறைவாக இருந்தது திறமையல்ல என்பது விளங்கும். நடுவே 2015 ஜூலையில், தம் 55-ஆம் வயதில், இவாட்டா காலமாகிவிட்டார். தாம் ஆரம்பித்துவைத்த ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றதை அவர் காணவில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றுதான் கன்சோலைக் கெடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அவசரமும் கெடுக்கும். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், முதல் இ3 கண்காட்சியிலே, சேகா கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி, செப்டம்பரில் வருவதாக இருந்த சாட்டர்ன் கன்சோல் இன்றைக்கே கடைகளில் இருக்கிறது, விலை 399 டாலர் என்று அறிவித்தார். போட்டியாளரை முந்திவிடலாம் என்பது உத்தேசம். ஆனால் சரக்குச் சொற்பமாக இருந்தமையால், தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கு மட்டுமே அதை அனுப்பியிருந்தார்கள், விடுபட்ட வியாபாரிகள் கோபம் கொண்டார்கள், அவர்களில் கே.பி. டாய்ஸ் என்னும் பெரிய பொம்மைக் கடை நிறுவனம் சேகாவின் சரக்கையே வைக்க மறுத்துவிட்டது. செப்டம்பரை எதிர்பார்த்து வேலை செய்துகொண்டிருந்த தயாரிப்பாளர்களின் விளையாட்டுக்கள் தயாராக இல்லை. கன்சோல் வந்து மாதக்கணக்கில் ஆடப் புதிதாக அதிகமில்லை. அன்றே, அதே கண்காட்சியில், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அது. கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை. இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அதே சாட்டர்ன் ஜப்பானில் நன்றாகவே விற்றது என்பதுதான். ஒரு தேசத்தில் போற்றி வாங்கப்பட்ட கன்சோல், இன்னொரு தேசத்தில் அறிமுகமான விதத்தாலேயே முதல் நாளே தன் வியாபாரிகளைப் பகைத்துக்கொண்டது.

2013-இல் மைக்ரோசாப்டுக்கு நேர்ந்தது உங்களுக்கு ஓரளவு நினைவிருக்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகம் செய்த சபையில் விளையாட்டைவிடத் தொலைக்காட்சியைப் பற்றியே அதிகம் பேசினார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் இணைய வேண்டும், பழைய டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் நிபந்தனைகள் உண்டு என்ற செய்திகள் தெளிவில்லாமல் கசிந்து வாடிக்கையாளரைக் கலவரப்படுத்தின. சோனி, ஒருவர் ஒரு டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுப்பதை மட்டும் காட்டும் சில விநாடிப் படம் ஒன்றை வெளியிட்டது, விஷயம் தீர்ந்தது. மைக்ரோசாப்ட் ஜூன் மாதமே அந்த நிபந்தனைகளைக் கைவிட்டபோதிலும், முதல் அபிப்பிராயம் பல ஆண்டுகளுக்கு மாறவில்லை. மறுபுறம், சேகா 1999-இல் டிரீம்காஸ்டை அமெரிக்காவில் மிகச் சிறப்பாக விளம்பரம் செய்து வெளியிட்டும், பழைய நஷ்டங்களின் பாரத்தாலும் பிளேஸ்டேஷன் 2-இன் வருகையாலும் அதை 2001-இல் நிறுத்த நேர்ந்தது. ஆகவே நல்ல விளம்பரம் எந்தக் கன்சோலையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. கெட்ட விளம்பரம் நல்ல கன்சோலைக் கொன்றுவிடும் என்று மட்டுமே சொல்கிறேன்.

இதை ஒரு நஷ்டக் கணக்காக மட்டும் நீங்கள் படித்துவிடக் கூடாது. வீ யு-வின் உற்பத்தி 2017 ஜனவரியில் நின்றது. அதன் டிஜிட்டல் கடையை 2023 மார்ச்சில் மூடினார்கள். 2024 ஏப்ரலில் இன்டர்நெட் வழியாகப் பிறரோடு ஆடும் வசதியும் நின்றது. பல நல்ல விளையாட்டுக்கள் ஸ்விட்சில் மறுபிறவி எடுத்தன என்பது ஆறுதலே. ஆனால் நின்டெண்டோ லேண்ட் அவ்வாறு பிழைக்கவில்லை. இரண்டு திரைகளையே ஆதாரமாகக் கொண்டு அமைந்தமையால் அதை வேறு கன்சோலுக்குக் கொண்டுபோவது எளிதல்ல. ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே அறையில் ஆடும் அந்த விளையாட்டு முறை, வளர்ந்து முதிர வேண்டிய பருவத்திலேயே ஆதரவின்றி நின்றுபோயிற்று. அதைத் தொடர்ந்து வேறு கலைஞர்கள் என்னென்ன புதுமைகளைச் சிந்தித்திருப்பார்களோ, அவற்றை நாம் இனி அறிய வழியில்லை. இந்த நஷ்டம் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் பதிவாகாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் பணியில் அமர்ந்த பின், ஏதோ ஒரு நாள், புதிய யந்திரம் ஒன்றின் முதல் படமும் முதல் வாக்கியமும் உங்கள் மேஜைக்கு வரும். அதைத் தயாரித்தவர்கள் எல்லோரும் அந்த யந்திரத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களாதலால், அவர்களுக்கு அதில் விளங்காதது எதுவும் இராது. சபையிலே கைதட்டப் போகிறவர்களும் ஏறக்குறைய அவர்களைப் போன்றவர்களே. ஆகையால் அந்தப் படத்தை, இந்தத் துறையில் சம்பந்தமே இல்லாத ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நம் வீட்டில் இருக்கிறதே, அதோடு சேர்த்து மாட்டுவதா இது?" என்று கேட்பாரானால், மேலதிகாரிகளுக்கு எத்தனை மனக்கசப்பு உண்டானாலும் சரி, அச்சுக்குப் போவதற்கு முன் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் வாசகன்